அவளைக் கேட்டுவிட்டா எழுதினீர்கள்?

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற தனியார் பஸ்களில் டிக்கெட் வாங்கினால் பாட்டு இனாம். வேண்டாம் என்று சொல்லப் பிரயாணிகளுக்கு வழி கிடையாது. டிரைவரின் தலைக்கு மேல் ஒரு பெட்டி, பிரயாணிகளின் தலைக்கு மேல் நாலு ஒலிபெருக்கி. தாராசுரம் தாண்டுவதற்குள் காதல் ஆரம்பித்துவிடும்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் இருக்கையில், ஜன்னலோரமாக, கல்லூரி மாணவி ஒருத்தி. மடியில் பை, பையின் மேல் விரித்து வைத்த நோட்டு. பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு வாலிபன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது, அவன் உட்காரவில்லை. பெட்டியிலிருந்து வந்த பாட்டின் சாரம் இதுதான்: நீ முறைப்பது பொய், உன் மனசுக்குள்ளே இருப்பது நான், அதை நீ சொல்லும் வரை நான் விடப்போவதில்லை. வாலிபன் அடி அடியாகக் கூடவே பாடினான். ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் குனிந்தான்.

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள். சுந்தரப்பெருமாள்கோவில் வந்தபோது, தெளிவாக, பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். படியில் தொற்றிக்கொண்டிருந்த அவனுடைய சிநேகிதர்கள் சீட்டியடித்தார்கள். கண்டக்டர், "பாட்டுதானேம்மா பாடறான்" என்றார். என் பக்கத்திலிருந்த பெரியவர் என் முழங்கையை இடித்து, "சினிமா மாதிரியே இருக்கு சார்" என்று சிரித்தார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவள் அய்யம்பேட்டைக்கு டிக்கெட் வாங்கியிருந்தாள். வாங்கும்போது நான் கேட்டேன். பாபநாசத்திலேயே இறங்கிவிட்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றாள். இன்னொரு டிக்கெட்டுக்குக் காசு வைத்திருந்தாளோ என்னவோ.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு எழுத்தாளன் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

எழுதுகிறேன், கேளுங்கள்.

அந்த வாலிபன் ரவுடி அல்ல. சட்டை இஸ்திரி போட்டிருந்தது, நெற்றியில் விபூதி. வீட்டில் தாயாரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்வான். தான் தப்புச் செய்வதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; அதை அவன் ஒழுங்காகச் செய்தான். சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? அப்பா சொல்லியிருக்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடமே கிடையாது. கடைசியில் அந்த உபாத்தியாயர் வேலையைச் சினிமாப் பாட்டும் சினிமாக் கதையும், அவற்றுக்குத் தம்பி உறவு கொண்டாடும் எங்கள் பத்திரிகைத் தொடர்கதைகளும் ஏற்றுக்கொண்டன.

சட்டம் ஒன்று இருக்கிறது. 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்தார்கள். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சம்ஹிதையின் 78-ஆவது பிரிவு. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும், அவளோடு பழக வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், பேச முயல்வதும் குற்றம். முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை சிறை. மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை. இந்தப் பிரிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், இடைவேளை வரை தமிழ்ப்படத்தின் கதைச்சுருக்கம் அல்லவா அது! சட்டம் எழுதியவர்கள் கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதினார்களோ என்று சந்தேகம் வருகிறது. ஒரே வித்தியாசம்: சட்டத்தில் மூன்று வருஷம் ஜெயில்; படத்தில் மூன்றாவது ரீலில் டூயட்.

2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் காலை வேளையில் வெட்டிக் கொல்லப்பட்டாள். ஊரே பதறியது. பெண்களைப் பின்தொடர்வதைப் பற்றிப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதினோம். அதே வருஷம் அக்டோபரில் 'ரெமோ' வந்தது. வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட டாக்டர் பெண்ணை அடைவதற்காக, கதாநாயகன் நர்ஸ் வேஷம் போட்டுக்கொண்டு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறான், கடைசியில் ஜெயிக்கிறான். குழந்தைகளோடு போய்ப் பார்த்தார்கள். அந்தக் கொலையை இந்தப் படம் செய்தது என்று நான் சொல்லவில்லை. படம் வந்ததே பிறகுதான். ஊர் பதறிய மூன்றரை மாதத்துக்குள் அதே ஊர் எதைப் பார்த்துச் சிரித்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனிப் பாட்டுக்கு வருவோம். என் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் நான் சினிமாப் பாட்டின் அடிமை. கண்ணதாசன் இல்லாமல் என் வாலிபம் இல்லை. அப்படியிருந்தும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். தமிழில் பேசும்படம் வந்தது 1931-ல். அன்று முதல் இன்றுவரை, கதாநாயகி வாயசைத்துத் தன் மனசைத் திறந்து பாடிய பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் பெண் எழுதியவை எத்தனை? 1968-ல் 'குடியிருந்த கோயில்' படத்துக்கு ரோஷனாரா பேகம் என்ற பெண்மணி ஒரு பாட்டு எழுதினார். குங்குமப் பொட்டைப் பற்றிய பாட்டு. அதை இன்றும் பாடுகிறோம்; அவர் பெயரைக் கேட்டால் முழிக்கிறோம். வெகு காலத்துக்குப் பிறகு தாமரை வந்தார். பின்னால் 'மெட்ராஸ்', 'கபாலி' படங்களுக்கு எழுதிய உமாதேவி வந்தார். விரல் விட்டு எண்ணுகிறோம் பார்த்தீர்களா, அதுவே பதில்.

மற்றதெல்லாம் ஆண் எழுதி, ஆண் மெட்டமைத்து, ஆண் படமாக்கி, பெண்ணிடம் கொடுத்துப் பாடச் சொன்னது. "அதனாலென்ன? ஆழ்வார்களும் நாயகி பாவத்தில் பாடினார்களே?" என்று ஒரு தமிழாசிரிய நண்பர் என்னோடு மல்லுக்கு வந்தார். பாடினார்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார், திருமங்கை மன்னன் பரகால நாயகியானார். ஆனால் அவர்கள் பெண்ணாக மாறியது, தாங்களே உருகுவதற்கு. எதிரில் நிற்கிற பெண் தங்களைப் பார்த்து உருக வேண்டும் என்பதற்காக அல்ல. சினிமாக் கவிஞர் பெண்ணாக மாறி எழுதுவதோ, திரும்ப ஆணாக மாறி ரசிப்பதற்கு! கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "எவ்வளவு அழகு" என்று கண்ணாடியையே சொல்ல வைப்பது போல.

உண்மையில் ஒரு பெண்ணே பாடினால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆண்டாள் இருக்கிறாள். நாச்சியார் திருமொழி 143 பாசுரம். தனக்கு வேண்டியது என்ன, யார், எப்படி என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னவள். மானிடனுக்கு என்று பேச்சு எழுந்தால் உயிரோடு இருக்கமாட்டேன் என்று, வேண்டாததையும் அதே குரலில் சொன்னவள். நாம் என்ன செய்தோம்? மார்கழியில் திருப்பாவையை ஒலிபெருக்கியில் போடுகிறோம். கல்யாணத்தில் வாரணமாயிரம் பாடுகிறோம். மீதியைப் பெண்குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

குரலிலேயே பங்கு பிரித்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். அறுபதுகளின் படங்களில் அடக்கமான கதாநாயகிக்கு சுசீலாவின் குரல். ஆசையை வாய்விட்டுச் சொல்லுகிற பாட்டு வந்தால், அது பெரும்பாலும் கிளப் நடனக்காரிக்கு, அங்கே எல்.ஆர். ஈஸ்வரி. விதிவிலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. இரண்டு பேரும் மகத்தான பாடகிகள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஆசைப்படுகிற பெண்ணும் குடும்பம் நடத்துகிற பெண்ணும் ஒரே தொண்டையிலிருந்து பாட முடியாது என்று யார் தீர்மானித்தது? நம் வீடுகளில் இரண்டு பேரும் ஒரே பெண்தானே, ஐயா?

போகட்டும், கதைக்கு வருவோம். 'கல்யாணப் பரிசு'. 1959-ல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். போன மாதம் டெலிவிஷனில் போட்டார்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கதை தெரியாதவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன். வசந்தியும் பாஸ்கரும் காதலிக்கிறார்கள். வசந்தியின் அக்காள் கீதா, விஷயம் தெரியாமல், பாஸ்கர்மேல் ஆசை வைக்கிறாள். வசந்தி தன் காதலைத் தியாகம் செய்து, பாஸ்கரை வற்புறுத்தி அக்காளுக்குக் கட்டிவைக்கிறாள். பாஸ்கர் கீதாவோடு குடித்தனம் நடத்துகிறான், நெஞ்சில் வசந்தி. கீதாவுக்கு உண்மை தெரிகிறது, இறந்துபோகிறாள். பாஸ்கர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வசந்தியைத் தேடி வருகிறான். அன்றைக்குத்தான் அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம். குழந்தையையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

அருமையான படம். ஏ.எம். ராஜாவின் பாட்டுகள் அமிர்தம். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எல்லாம் முடிந்து அவள் காபி போட எழுந்தபோது, அடுப்பங்கரையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"ஏங்க, அந்தக் கீதாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"என்னன்னு?"

"இவன் உன் தங்கச்சியைக் காதலிக்கிறான், தெரிஞ்சும் உனக்கு இவன் வேணுமான்னு. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா. நான்னா அப்படித்தான் சொல்லுவேன். தங்கச்சி விட்டுக்கொடுத்த புருஷன் எவளுக்கு வேணும்?"

நான் காபியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். ஆறு பத்து வருஷமாகத் தமிழ்நாடு அழுத கண்ணீர் அவளுடைய ஒரு கேள்வியில் வற்றிவிட்டது. மூன்று வாழ்க்கை பாழானது விதியால் அல்ல. கேட்க வேண்டியவளைக் கேட்காததால். அக்காளுக்கு என்ன வேண்டும் என்பதைத் தங்கை தீர்மானித்தாள். தங்கைக்கு என்ன வேண்டும் என்பதைத் தியாகம் தீர்மானித்தது. கேட்டிருந்தால் படம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பீர்கள். முடியட்டுமே! மிச்ச நேரத்துக்கு வேறு கதை எழுதுங்கள்.

தியாகம்தான் பெண்ணின் விருப்பம் என்று அந்தக் காலத்தில் சொன்னோம். அது சலித்தபோது அடங்குவதுதான் விருப்பம் என்றோம். 'பட்டிக்காடா பட்டணமா' 1972-ல் வந்தது. லண்டனிலிருந்து வந்த படித்த பெண்ணைக் கிராமத்துக் கணவன் அடித்துத் திருத்துகிறான். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. 1992-ல் 'மன்னன்'. தொழிற்சாலையை நடத்துகிறவள் முடிவில் சமையலறைக்குள் போகிறாள், தொழிலாளியான கணவன் வேலைக்குப் போகிறான். கொட்டகை எழுந்து நின்று கைதட்டியது. இடையில், 1989-ல், 'புதிய பாதை'. கூலிக்காகத் தன்னைக் கெடுத்த ரவுடியைத் தேடிப்போய், திருத்தி, அவனையே கணவனாக்கிக்கொள்கிறாள் ஒருத்தி. அந்த வருஷம் சிறந்த தமிழ்ப்படம் என்று அதற்கும் தேசிய விருது. படத்தில் துணிச்சல் இல்லை என்று சொல்லமாட்டேன். பார்த்திபன் பெரிய கெட்டிக்காரர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததற்குப் பரிகாரம், நேரச் செய்தவன் கட்டும் தாலி என்று முடிவு செய்தது யார்? நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இதே தீர்ப்பைப் பெரிய மனிதர்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரிய மனிதர்கள் படம் எடுத்தால் கோபப்படுவோம். கலைஞர்கள் எடுத்தால் விருது கொடுக்கிறோம்.

எல்லாவற்றையும் விட எனக்கு வேடிக்கையாகப் படுவது 'படையப்பா'. 1999. அதில் நீலாம்பரி என்று ஒருத்தி. தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தலை நிமிர்ந்து, உரியவனிடமே சொல்கிறாள். அவ்வளவுதான், வில்லியாகிவிட்டாள்! அவள் வீட்டிலேயே வேலை செய்யும் வசுந்தரா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாள். கதாநாயகன் அவளுக்கு. நீலாம்பரி பதினெட்டு வருஷம் ஓர் அறையில் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறாள். அவள் பிறகு கொலைக்கே துணிந்தாள், அது குற்றம்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவளை முதலில் கெட்டவள் என்று நமக்குக் காட்டியது கொலை அல்லவே. "எனக்கு இவன் வேண்டும்" என்றாள், அதுதான். இதே வாக்கியத்தை ஓர் ஆண் சொல்லி, அவள் மறுக்க மறுக்கப் பின்னாலேயே சுற்றினால் அதற்குப் பெயர் காதல். பெண் சொன்னால் அகங்காரம். ரசிகர்களுக்கு இது உள்ளூரத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வருஷங்கள் போன பிறகும் எல்லோர் வாயிலும் நிற்பது நீலாம்பரி பெயர்தான். வசுந்தராவின் பெயரைச் சட்டென்று சொல்கிறவர்கள் குறைவு.

2011-க்குப் பிறகு வேறொரு மோஸ்தர் வந்தது. காதலி வேண்டாம் என்று போய்விட்டாளா? அவளைத் திட்டிப் பாட்டு. "சூப் பாட்டு" என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். 'கொலவெறி' என்ற தலைப்போடு அந்த வருஷம் ஒரு பாட்டு உலகம் சுற்றியது. இளைஞர்கள் சும்மா தமாஷுக்குப் பாடினார்கள் என்பது வாஸ்தவம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை. ஒருத்தி மறுத்துவிட்டால் அதில் வெறி எங்கிருந்து வருகிறது? கடையில் கேட்ட சாமான் இல்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கடைக்காரரைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டுவதில்லை.

இப்படியெல்லாம் நான் பேச ஆரம்பித்தால் சினிமா நண்பர்கள் சிரித்துக்கொண்டே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "ஸார், பெண்களே கைதட்டுகிறார்கள். அவர்களுக்குப் பிடித்ததைத்தான் கொடுக்கிறோம்." கைதட்டுகிறார்கள், உண்மை. நெடுஞ்சாலையோரத்தில் பஸ்காரர் நிறுத்துகிற ஓட்டலில் பரோட்டா மட்டுமே இருந்தால் பிரயாணிகள் பரோட்டாதான் சாப்பிடுவார்கள். அதை வைத்து, தமிழர்களுக்கு இட்லி பிடிக்காது என்று முடிவு கட்டுவீர்களா? அப்படியே கைதட்டுகிற பெண்ணிடமும், எதற்குத் தட்டினாய் என்று யாராவது கேட்டதுண்டா? என் மனைவி 'கல்யாணப் பரிசு' பார்த்து அழுதாள். அழுததை மட்டும் கணக்கெடுத்தவர், அவள் படத்தை ஒப்புக்கொண்டாள் என்றுதான் எழுதுவார். அடுப்பங்கரைக் கேள்வி அவர் கணக்கில் வராது.

இன்னொரு பதில் தமிழாசிரிய நண்பருடையது. "சங்க இலக்கியத்திலேயே தலைவன் விடாமல் வருகிறானே? மடல் ஏறினானே?" ஏறினான். பனங்கருக்கில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர் சிரிக்கத் தெருவில் வந்தான். வலி அவனுக்கு, மானக்கேடு அவனுக்கு. அதையும் நான் மெச்சவில்லை. ஊரைக் கூட்டி ஒரு பெண்ணை நெருக்குவதும் நெருக்குவதுதான். ஆனால் தொல்காப்பியர் என்ன செய்தார் பாருங்கள். ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று பெயர் கொடுத்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார். நாமோ கைக்கிளையை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, ஐந்திணையைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டோம். பெண் தன் ஆசையைத் தலைவன் முன் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று விதித்தவரும் அதே தொல்காப்பியர்தான். அதை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறோம்.

தாமரையின் பெயரைச் சொன்னேன் அல்லவா? 'மின்னலே' படத்துக்கு அவர் எழுதி, பாம்பே ஜெயஸ்ரீ பாடிய 'வசீகரா'வைக் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். அந்தப் பெண் நிலாவைக் கேட்கவில்லை, நட்சத்திரத்தைக் கேட்கவில்லை. வீட்டுக்குள் இரண்டு பேர் சேர்ந்து வாழ்கிற சின்னச் சின்னக் காரியங்களைக் கேட்கிறாள். முதல் தடவை கேட்டபோது, அட, இதுவல்லவா, என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது? கதாநாயகன் வேறொருவன் பெயரைச் சொல்லி, அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் தானே என்று நடித்து, அவளோடு பழகிக்கொண்டிருக்கிற சமயம். யாரை நினைத்து இவ்வளவு உருகுகிறாளோ, அவனுடைய சரியான பெயர்கூட அவளுக்குத் தெரியாது! எத்தனையோ வருஷம் காத்திருந்து ஒரு பெண் கவிஞர் வந்தார். பெண்ணின் ஆசையைப் பெண்ணின் சொல்லிலேயே எழுதினார். அந்த ஆசையைக் கதைக்காரர்கள் கொண்டுபோய் ஒரு மோசடியின் மடியில் வைத்தார்கள்.

நல்லதே கிடையாதா என்றால், இருக்கிறது. 1936-லேயே டி.பி. ராஜலக்ஷ்மி தாமே எழுதிய நாவலை 'மிஸ் கமலா' என்று படமாக இயக்கினார். பாலசந்தரின் 'அவர்கள்' 1977-ல் வந்தது. மாஜிக் கணவன், பழைய காதலன், புதிதாக நேசிப்பவன் என்று மூன்று பேர் எதிரே நிற்க, அனு ஒருவரையும் எடுத்துக்கொள்ளாமல் ரயிலேறிப் போகிறாள். 1986-ல் 'மௌன ராகம்'. புதுமனைவியிடம் கணவன், உனக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்கிறான். விவாகரத்து, என்கிறாள். தமிழ்ப்படத்தில் ஒரு பெண்ணிடம் கேட்ட நேரான கேள்விக்கு அவ்வளவு நேரான பதில் அதற்கு முன் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவன் துரத்தவில்லை. பாட்டுப் பாடி மனசைக் கரைக்கவில்லை. வேண்டாம் என்றதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு வக்கீலிடம் அழைத்துப் போகிறான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனுப்போட முடியாது என்று சட்டம் தடுக்கிறது. அந்த வருஷத்துக்குள் அவள் மனம் மாறுவது அவளுக்குள்ளேயே நடக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜனங்கள் அந்தப் படத்தைக் கொண்டாடவில்லையா? நஷ்டம் என்று யாராவது சொன்னார்களா?

காரணம் என்ற வார்த்தையை எழுதியதும் கை நிற்கிறது. ஒரு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டுவது யோக்கியமாகாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில் கதாநாயகி ஒரு டாக்டர். கதாநாயகன் அவளை மூன்று முறை சந்தித்துக் காதலைச் சொல்கிறான். மூன்று முறையும் மறுக்கிறாள். நான்காம் முறை ஆஸ்பத்திரி வாசலில், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான். ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள்; குடையை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். மழை என் கைச்சரக்கு. எந்தச் சிக்கலையும் தீர்த்துவிடும். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். ஓவியரும் குடையைப் பிரமாதமாக வரைந்திருந்தார்.

கதை முடிந்து வெகு நாள் கழித்து, தென் ஜில்லா ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. இருபது வரிதான். "ஐயா, நான் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது ஒருவன் தினமும் பின்னால் வருவான். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை, உங்கள் கதையின் கடைசி அத்தியாயத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, ஓர் உறையில் போட்டு என்னிடம் நீட்டினான். நான்காம் முறைக்காகக் காத்திருப்பதாகச் சொன்னான். அது என் அப்பா காதுக்குப் போயிற்று. அப்பா என் படிப்பை நிறுத்தினார். அவனை ஒருவரும் ஒன்றும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் பிறகு தபால் மூலம் பட்டம் வாங்கினேன். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். மூன்று முறை வேண்டாம் என்றவள் நான்காம் முறை ஏன் சம்மதித்தாள்? அத்தியாயத்தைப் பலமுறை படித்தேன். காரணம் அதில் இல்லை."

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதுவதற்குப் பதில் இருந்தால்தானே? அந்த டாக்டருக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது. அவளை நான் கேட்கவே இல்லை. அடுத்த தொடருக்கு விளம்பரம் போட்டாகிவிட்டது, இரண்டு இதழில் முடித்துவிடுங்கள் என்று ஆசிரியர் சொன்னார், மழையைக் கொட்டிவிட்டேன். கடைசியில் அந்த உண்மையையே எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் தபால் கார்டு வந்தது. "உள்ளதைச் சொன்னதற்கு வந்தனம். இன்னொன்றும் கேட்க விட்டுப்போயிற்று. இருபத்தாறு அத்தியாயத்தில் அந்த டாக்டர் ஒரு நோயாளியையாவது பார்த்தாரா?"

எடுத்துப் புரட்டினேன். பார்க்கவில்லை.

அந்தக் கதை இப்போது மறுபதிப்புக்குப் போகிறது. கடைசி அத்தியாயத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மழை இருக்கிறது, அவன் நிற்கிறான், அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கவும் செய்கிறாள். பிறகு உள்ளே திரும்பி, வார்டில் ஒரு கிழவிக்கு ஜுரம் எவ்வளவு என்று பார்க்கப் போகிறாள். பதிப்பாளர் படித்துவிட்டு டெலிபோனில் கூப்பிட்டார்.

"என்ன சார் இது, அப்போ அவன் என்ன ஆவான்?"

"நனைஞ்சு போச்சுன்னா வீட்டுக்குப் போவான்."

"வாசகர்கள் ஒப்புக்கமாட்டாங்க சார். பழைய முடிவையே போட்டுடலாமா?"

இன்னும் முடிவாகவில்லை. புரூப் என் மேஜைமேல் இருக்கிறது.